மானைத் தேடினால் ஈமான் வருகிறது

வேடன் ஒருவன் வலை விரித்துப் பெண்மான் ஒன்றைப் பிடித்துக் கட்டிவைத்திருக்கிறான். அதன் குட்டி காட்டுக்குள் பசியோடு காத்திருக்கிறது. அந்த வழியாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வருகிறார்கள். குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன் என்று மான் அவர்களிடம் முறையிடுகிறது. நபியவர்கள் வேடனிடம் தாமே பிணையாக நின்று மானை அனுப்பிவைக்கிறார்கள். சொன்ன சொல் தவறாமல் குட்டியையும் கூட்டிக்கொண்டு மான் வந்து சேர்கிறது.

சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் கல்முனையிலும் இந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளைகள் குறைவு. உமறுப் புலவர் பதினேழாம் நூற்றாண்டில் பாடிய சீறாப்புராணத்தில் இது தனிப் பகுதியாகவே இருக்கிறது. அதன் பெயர் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’.

உங்கள் பாடசாலையில் மீலாத் விழாப் போட்டி வருகிறது என்று வையுங்கள். அந்தப் படலத்தை மட்டும் எடுத்து அச்சிட்டுக் கொண்டுவரும்படி தமிழ் ஆசிரியை சொல்கிறார். சீறாப்புராணம் முழுவதும் ஒரே எழுத்துக் கோப்பாக உங்கள் கணினியில் இருக்கிறது. அப்படிக் கிடைப்பது அரிதும் இல்லை. 1998ஆம் ஆண்டு தைப்பொங்கல் அன்று, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த கல்யாணசுந்தரம் என்ற அறிவியலாளர் ‘மதுரைத் திட்டம்’ என்ற முயற்சியைத் தொடங்கினார். உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் சம்பளம் வாங்காமல் பழைய நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் இலவசமாக வைத்தார்கள். சீறாப்புராணமும் அவற்றுள் ஒன்று.

நூல் பெரியது. மூன்று காண்டங்கள், 92 படலங்கள், 5,027 விருத்தங்கள். விருத்தத்துக்கு நான்கு அடி, அடிக்கு ஒரு வரி என்று கணக்குப் போட்டால் 20,108 வரிகள். தலைப்புகளும் எண்களும் வேறு. கண்ணால் உருட்டித் தேடினால் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது தொடங்கியவர் இஷா வரை தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கணினியில் தேடுபெட்டி இருக்கிறதே என்பீர்கள். சரி, ‘மான்’ என்று தட்டிப் பாருங்கள். முதலில் வந்து நிற்பது ஈமான். பிறகு பெருமான். பிறகு உதுமான், சுலைமான், ஸல்மான். ஈமானைப் பற்றியே பேசும் ஒரு காப்பியத்தில் ‘மான்’ என்று தேடினால் வேறென்ன நடக்கும்? நாம் தேடியது நான்கு கால் மான். கணினி தேடியது ம, கால், ன, புள்ளி என்ற நான்கு குறிகள் அடுத்தடுத்து வரும் இடம். கணினிக்கு மானும் தெரியாது, ஈமானும் தெரியாது. அதற்குத் தெரிவது வடிவம் மட்டும். ஆகவே நாம் தேடுவதன் வடிவத்தைச் சரியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்படிச் சொல்வதற்கென்றே ஒரு குட்டி மொழி இருக்கிறது. அதற்கு ரெகுலர் எக்ஸ்பிரெஷன் என்று பெயர். கணினிக்காரர்கள் சுருக்கமாக ரெஜெக்ஸ் என்பார்கள்.

ரெஜெக்ஸ் எழுதுமுன் ஒரு வேலை இருக்கிறது. கோப்பைத் திறந்து ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். இதைச் செய்யாமல் நேரே விசைப்பலகையில் கைவைப்பவர்கள்தாம் பிறகு மணிக்கணக்காகத் தடுமாறுகிறார்கள். நம்முடைய கோப்பு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

நுபுவ்வத்துக் காண்டம்
(பல படலங்கள்)
மானுக்குப் பிணை நின்ற படலம்
1
(பாடலின் நான்கு அடிகள்)
2
(பாடலின் நான்கு அடிகள்)
(இப்படியே இன்னும் பல பாடல்கள்)
(அடுத்த படலத்தின் தலைப்பு)

என்ன தெரிகிறது? படலத் தலைப்பு தனி வரியில் நிற்கிறது. அந்த வரி ‘படலம்’ என்ற சொல்லோடு முடிகிறது. ஒவ்வொரு பாடலுக்கும் முன்னால் எண் மட்டுமே உள்ள ஒரு வரி இருக்கிறது. கதை தெரியாதவர்கூட, தமிழே தெரியாதவர்கூட இவ்வளவையும் கண்டுபிடிக்கலாம். கணினிக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடியதும் இவ்வளவுதான்.

இனிக் குறிகளைப் பார்ப்போம். கூரைக் குறி ^ என்றால் வரியின் தொடக்கம். டொலர் குறி $ என்றால் வரியின் முடிவு. ஆகவே

படலம்$

என்று எழுதினால் ‘படலம்’ என்று முடியும் வரிகள் மட்டும் வரும். வரியின் நடுவில் அந்தச் சொல் வந்தால் வராது. நூலில் உள்ள எல்லாப் படலங்களின் பெயரும் ஒரே நொடியில் வரிசையாக நிற்கும்: உடும்பு பேசிய படலம், மதியை அழைப்பித்த படலம் என்று ஒவ்வொன்றாகப் படிக்கும்போதே உள்ளே போய்ப் பார்க்க ஆசை வரும்.

சதுர அடைப்புக்குறி என்றால் ‘இவற்றுள் ஏதாவது ஒன்று’. [0-9] என்றால் 0 முதல் 9 வரை ஏதாவது ஓர் இலக்கம். கூட்டல் குறி என்றால் ‘முன்னால் இருப்பது ஒரு முறையோ பல முறையோ’. இரண்டையும் சேர்த்தால்

^[0-9]+$

தொடக்கம் முதல் முடிவு வரை இலக்கங்களே உள்ள வரி. பாடல் எண்கள் எல்லாம் சிக்கிவிட்டன.

நட்சத்திரக் குறி * கூட்டலின் தம்பி. ‘ஒன்றுமே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எத்தனை இருந்தாலும் பரவாயில்லை’ என்று பொருள். கேள்விக்குறி என்றால் ‘இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி’. இது நமக்கு மிகவும் வேண்டியது. ஒரு பதிப்பில் ‘பிணை நின்ற’ என்று இடம்விட்டு இருக்கும். இன்னொன்றில் ‘பிணைநின்ற’ என்று சேர்ந்திருக்கும். ‘பிணை ?நின்ற’ என்று இடைவெளிக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டால் இரண்டும் அகப்படும்.

இப்போது நம் முக்கிய வேலைக்கு வருவோம். ஒரு வரியைக் கண்டுபிடிப்பது வேறு, ஒரு பகுதியை முழுதாக வெட்டி எடுப்பது வேறு. சம்மாந்துறையில் பிறந்த பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது சுலபம். பெரிய வட்டையிலே உங்கள் வாப்பாவின் வயல் எது என்று எப்படிச் சொல்வீர்கள்? இந்த வரம்பிலிருந்து அந்த வரம்பு வரை என்பீர்கள். உள்ளே எத்தனை கதிர் என்று எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை. எழுத்துக் கோப்பிலும் அப்படியே. தொடக்க வரம்புக்கு ஒரு ரெஜெக்ஸ், முடிவு வரம்புக்கு ஒரு ரெஜெக்ஸ். நடுவில் இருப்பது எதுவானாலும் கொண்டுவா என்று சொல்லிவிடலாம்.

தொடக்க வரம்பு நமக்குத் தெரியும். முடிவு வரம்பு எது? மானின் கதை முடிகிறது என்று எங்கும் எழுதியிருக்காது. அடுத்த படலம் தொடங்கினால் இது முடிந்தது என்று பொருள். ஆகவே அடுத்து வரும் ‘படலம்’ என்று முடியும் வரிதான் முடிவு வரம்பு. ஒரு காண்டத்தின் கடைசிப் படலமாக இருந்தால் அடுத்து வருவது காண்டத்தின் பெயராக இருக்கும். அதையும் சேர்த்துக்கொள்ள நிமிர்ந்த கோடு | உதவும். அதற்கு ‘அல்லது’ என்று பொருள். இப்படி எழுதுகிறோம்:

/^மானுக்குப் பிணை ?நின்ற படலம் *$/,/(படலம்|காண்டம்) *$/

ஒவ்வொரு ரெஜெக்ஸின் இரு பக்கமும் உள்ள சாய்கோடுகள் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டுகின்றன. நடுவில் உள்ள காற்புள்ளி ‘இதிலிருந்து அதுவரை’ என்கிறது. செட் என்ற கருவியை -n, -E என்ற தெரிவுகளோடு அழைத்து, இந்த வரியின் இறுதியில் p சேர்த்துக் கொடுத்தால் முழுப் படலமும் வந்துவிடும்.

இதில் உள்ள சின்னச் சின்னக் காவல்களைக் கவனியுங்கள். டொலர் குறிக்கு முன்னால் ஓர் இடைவெளியும் நட்சத்திரமும் ஏன்? தட்டெழுதியவர் வரி முடிவில் தெரியாமல் இடைவெளி விசையைத் தட்டியிருப்பார். கண்ணுக்கு அது தெரியாது. கணினிக்குத் தெரியும். முன்னால் கூரைக் குறி ஏன்? நூலின் தொடக்கத்தில் பொருளடக்கம் இருக்குமே! அங்கேயும் இதே தலைப்பு இருக்கும். நம் கோப்பின் பொருளடக்கத்தில் தலைப்புக்கு முன்னால் வரிசை எண் இருக்கிறது என்றால், ‘வரி தொடங்கும்போதே மானுக்கு என்று தொடங்க வேண்டும்’ என்ற கட்டளை பொருளடக்கத்தை விலக்கிவிடும். கூரைக் குறி இல்லாவிட்டால் பொருளடக்கத்தில் ஒரு துண்டு, உண்மையான இடத்தில் ஒரு துண்டு என்று இரண்டும் கலந்து வரும்.

இந்த இடத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது. தொடக்கத் தலைப்பே ‘படலம்’ என்றுதான் முடிகிறது. அப்படியானால் தொடங்கிய வரியிலேயே முடிவு வரம்பும் பொருந்திவிடுகிறதே, என்ன நடக்கும்? செட் கருவி முடிவு வரம்பைத் தொடக்க வரிக்கு அடுத்த வரியிலிருந்துதான் தேடும். அதனால் நமக்குப் படலம் முழுதாகக் கிடைக்கிறது. ஆக் என்று இன்னொரு கருவி இருக்கிறது. அதுவும் ‘இதிலிருந்து அதுவரை’ என்ற கட்டளையை ஏற்கும். ஆனால் அது தொடக்க வரியிலேயே முடிவையும் சோதிக்கும். ஆகவே ஆக் கருவி தலைப்பு வரியை மட்டும் தந்துவிட்டு நின்றுவிடும். கட்டளை ஒன்று, கருவி இரண்டு, விடை இரண்டு. கருவிகளின் கையேட்டைப் படிப்பது ஏன் அவசியம் என்று இதைப் பார்த்தால் விளங்கும்.

செட் தரும் விடையின் கடைசி வரி அடுத்த படலத்தின் தலைப்பாக இருக்கும். அதை நீக்கிவிட வேண்டும். பிறகு ஒரு சோதனை: எடுத்த பகுதியில் ^[0-9]+ *$ என்று தேடி எண்களை மட்டும் பாருங்கள். 1, 2, 3 என்று இடைவெளி விடாமல் போகிறதா? போனால் நடுவில் எதுவும் தவறவில்லை. அடுத்ததாக, மூலக் கோப்பில் அடுத்த தலைப்புக்கு முன்னால் உள்ள கடைசி எண்ணும் இதுவும் ஒன்றா என்று பாருங்கள். ஒரு பாடலின் அடியே தற்செயலாகப் ‘படலம்’ என்று முடிந்திருந்தால் வெட்டு பாதியில் நின்றிருக்கும். அதை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும்.

இந்தக் குட்டி மொழியைக் கண்டுபிடித்தவர்கள் நூல்களைத் தேடத் தொடங்கவில்லை. அவர்கள் மூளையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள். 1943இல் வாரன் மெக்கலக் என்ற மூளை அறிவியலாளரும் வால்டர் பிட்ஸ் என்ற இருபது வயது இளைஞரும் நரம்புக் கலங்களைக் கணிதக் குறிகளால் விவரித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அதைப் படித்த அமெரிக்கக் கணித அறிஞர் ஸ்டீபன் கிளேனி, இப்படிப்பட்ட நரம்பு வலை எந்தெந்த வடிவங்களை அடையாளம் காண முடியும் என்று 1951இல் ஆராய்ந்தார். அந்த வடிவங்களை எழுதிக் காட்ட அவர் வகுத்த குறிமுறைதான் ரெஜெக்ஸ். நாம் மேலே போட்ட நட்சத்திரக் குறி அவர் போட்டது. இன்றும் அதைக் கிளேனி நட்சத்திரம் என்பார்கள்.

கிளேனியின் குறிகள் காகிதத்திலேயே இருந்தன. 1968இல் கென் தொம்சன் அவற்றைக் கணினிக்குள் கொண்டுவந்தார். ஐபிஎம் 7094 என்ற கணினிக்காக அவர் எழுதிய முறையில் ஓர் அழகு உண்டு. ஒரு வடிவத்தில் ‘ர அல்லது ற’ என்று இருந்தால், கணினி முதலில் ‘ர’ வழியே போய்ப் பார்த்து, தோற்றால் திரும்பி வந்து ‘ற’ வழியே போகலாம். தொம்சனின் முறை அப்படிச் செய்யவில்லை. இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் நடந்தது. ஒவ்வோர் எழுத்தையும் ஒரே ஒரு முறை படித்தால் போதும். கோப்பு எவ்வளவு நீளமானாலும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

சில ஆண்டுகள் கழித்து நடந்தது நம் கதைக்கு இன்னும் நெருக்கமானது. தொம்சனோடு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை செய்தவர் லீ மெக்மேகன். 1787, 1788ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து வெளிவந்த 85 கட்டுரைகளை அவர் ஆராய விரும்பினார். எல்லாமே பப்ளியஸ் என்ற ஒரே புனைபெயரில் வந்தவை. உண்மையில் எழுதியவர்கள் ஹமில்டன், மடிசன், ஜே என்ற மூவர். எந்தக் கட்டுரையை யார் எழுதினார்? ஒவ்வொருவரும் எந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று தேடிப் பார்த்தால் ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஆனால் அந்நாளைய சின்னக் கணினியின் நினைவகத்துக்குள் கட்டுரைகள் மொத்தமும் அடங்கவில்லை. தொம்சன் ஒரே இரவில் தீர்வு கொடுத்தார். கோப்பை முழுவதும் நினைவகத்தில் ஏற்றாமல், வரிவரியாகப் படித்து, வடிவம் பொருந்தும் வரியை மட்டும் வெளியே தரும் சிறு நிரல். அதன் பெயர் கிரெப். 1973இல் வெளிவந்தது. இன்றும் உலகெங்கும் கணினிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கிரெப் வரிகளைத் தரும், பகுதிகளை வெட்டித் தராது. அடுத்த படியாக, வரம்பிலிருந்து வரம்பு வரை வெட்டக்கூடிய செட் கருவியை எழுதியவர் அதே மெக்மேகன். பழைய நூல் ஒன்றைத் துருவிப் பார்க்க ஆசைப்பட்ட மனிதர் செய்த கருவியால் நாம் சீறாப்புராணத்தில் மானைத் தேடுகிறோம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. ஆக் 1977இல் வந்தது. ஆஹோ, வைன்பெர்கர், கேர்னிகன் என்ற மூவர் செய்தது.

இவர்கள் யாரும் தமிழை மனதில் வைத்து எழுதவில்லை. ஆகவே தமிழ்க் கோப்பில் ரெஜெக்ஸ் எழுதும்போது நாம் சில விடயங்களைத் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சம்மாந்துறை என்ற பெயரில் எத்தனை எழுத்து? ச, ம், மா, ந், து, றை. ஆறு. கணினியைக் கேட்டால் பதினொன்று என்னும். யூனிகோட் முறையில் ‘ம்’ என்பது ம, புள்ளி என இரண்டு குறிகள். ‘மா’ என்பது ம, கால் என இரண்டு. ‘து’வும் ‘றை’யும் அப்படியே. ரெஜெக்ஸில் ஒற்றைப் புள்ளி . என்றால் ‘ஏதாவது ஒரு குறி’. ஆறெழுத்து ஊர்ப் பெயர் வேண்டும் என்று ^......$ என்று ஆறு புள்ளி போட்டால் சம்மாந்துறை வராது.

இன்னொன்று. ‘கல’ என்று தேடுங்கள், ‘கல்முனை’ வந்து நிற்கும்! ‘கல்’ என்பது கணினிக்குக் க, ல, புள்ளி. நீங்கள் கேட்ட க, ல இரண்டும் அதில் அடுத்தடுத்து இருக்கின்றனவே. அகரமாகிய ‘ல’வும் மெய்யாகிய ‘ல்’லும் நமக்கு வேறு வேறு எழுத்து. கணினிக்கு ஒன்று இன்னொன்றின் முதற்பாதி.

இதையே நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். மான், மானை, மானுக்கு மூன்றுக்கும் முதற்பாதி ஒன்றுதான். ஆகவே

(^| )மான

என்று கேட்டால், வரித் தொடக்கத்திலோ இடைவெளிக்குப் பின்னாலோ வரும் மான்கள் எல்லாம் வரும். ஈமான், பெருமான், சுலைமான் மூன்றும் விலகிவிடும், ஏனென்றால் அவற்றில் ‘மான்’ சொல்லின் தொடக்கத்தில் இல்லை. மானமும் மானிடரும் கூட்டத்தோடு வருவார்கள். அவர்களும் வேண்டாம் என்றால் (^| )மா(ன்|னை|னுக்கு) என்று இறுக்கிக்கொள்ளலாம்.

நம் பக்கத்து எழுத்து வழக்கத்துக்கு ரெஜெக்ஸ் மிகவும் பொருந்தும். நோன்பு மாதத்தின் பெயரை ஒருவர் ரமழான் என்பார், ஒருவர் றமழான் என்பார், இந்தியப் புத்தகத்தில் ரமலான், ரமளான் என்றும் வரும். [ரற]ம(ழா|ளா|லா)ன் என்ற ஒரே வரி அத்தனையையும் பிடிக்கும். அதேபோல் ஹிஜ்[றர]த்து.

பைதன் படிக்கத் தொடங்கியிருக்கும் அண்ணன்மாருக்கும் ராத்தாமாருக்கும் ஓர் எச்சரிக்கை. பைதனோடு வரும் ரெஜெக்ஸ் கருவியில் ‘சொல்லுக்குரிய எழுத்து’ என்று ஒரு சுருக்கக் குறி உண்டு. அந்த வகைக்குள் தமிழின் கால், கொம்பு, புள்ளி எதுவும் சேராது. அதைக் கொண்டு ‘தமிழ்’ என்ற சொல்லைப் பிடித்தால் ‘தம’, ‘ழ’ என்று உடைந்து இரண்டு துண்டாக வரும். இதை எதிர்பாராமல் சொற்களை எண்ணினால் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு வேறாக இருக்கும் எழுத்துகளும் உண்டு. ‘கொ’வை க, ொ என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். க, ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தேடும்போது ஒன்று மற்றதைக் கண்டுகொள்ளாது. ஆகவே தேடுமுன் கோப்பை முழுவதும் ஒரே முறைக்கு மாற்றிவிடுவது நல்லது. இலங்கையில் இன்னொரு சிக்கல், பாமினி. பல ஆண்டுகளாக நம் அச்சகங்களும் அலுவலகங்களும் பாமினி எழுத்துருவில் தட்டெழுதின. அப்படிப்பட்ட கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். பாமினி அவற்றுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது. அதில் ‘படலம்’ என்று ஆயிரம் முறை தேடினாலும் ஒன்றும் வராது. முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். நூலகம் போன்ற மின்னூலகங்களில் இருக்கும் பழைய நூல்கள் பல பக்கங்களின் படங்கள். படத்திலும் ரெஜெக்ஸ் ஓடாது. யாராவது தட்டெழுத வேண்டும், அல்லது எழுத்துணரி மென்பொருள் அவற்றைப் படித்து எழுத்தாக்க வேண்டும்.

அடைப்புக்குறிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் சமயப் புத்தகங்களில் (ஸல்) என்பது பக்கத்துக்குப் பல முறை வரும். அதை எண்ண விரும்பி (ஸல்) என்றே ரெஜெக்ஸ் எழுதினால், ஸல்மான் என்ற நபித்தோழரின் பெயரும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். காரணம், செட்டுக்கு நாம் எழுதியதுபோல, ரெஜெக்ஸில் வளைந்த அடைப்புக்குறி பொதுவாகக் கூட்டிச் சேர்க்கும் வேலைக்கு உரியது. அடைப்புக்குறியையே தேட வேண்டும் என்றால் முன்னால் பின்சாய்வுக் கோடு போட வேண்டும்: \(ஸல்\).

இனி இந்த வரியைப் பாருங்கள்:

சம்மாந்துறை (நெல்), மருதமுனை (நெசவு), ஒலுவில் (துறைமுகம்)

அடைப்புக்குள் இருப்பதை எடுக்க \(.*\) என்று எழுதுகிறோம். ‘திறப்பு, நடுவில் எதுவானாலும், மூடல்’. மூன்று விடை வரும் என்று நினைப்போம். வருவது ஒன்று: முதல் திறப்பிலிருந்து கடைசி மூடல் வரை மொத்தமும். நட்சத்திரம் முடிந்தவரை அதிகமாக அள்ளும் இயல்புடையது. கோப்பு முழுவதையும் ஒரே நீள வரியாக வைத்து ‘மானுக்கு’ முதல் ‘படலம்’ வரை இப்படிக் கேட்டால், நூலின் கடைசிப் ‘படலம்’ வரை வாரிக்கொண்டு வந்துவிடும். மருந்து எளியது. ‘எதுவானாலும்’ என்பதற்குப் பதில் ‘மூடும் அடைப்பைத் தவிர எதுவானாலும்’ என்று சொல்ல வேண்டும்: \([^)]*\). சதுர அடைப்புக்குள் முதலில் கூரைக் குறி வந்தால் ‘இவை தவிர’ என்று பொருள். இப்போது நெல், நெசவு, துறைமுகம் மூன்றும் தனித்தனியே வரும்.

அடைப்புக்குள் அடைப்பு இருந்தால்? ‘(சம்மாந்துறை (அம்பாறை மாவட்டம்) நெல்)’ என்பதில் நம் ரெஜெக்ஸ் முதல் மூடலிலேயே நின்று, பாதி துண்டைத் தரும். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதினாலும் கிளேனியின் குறிகளால் மட்டும் இதைச் சரிப்படுத்த முடியாது. கிளேனியின் நரம்பு வலைக்கு ஓர் அளவுக்குள் அடங்கும் நினைவுதான் உண்டு. எத்தனை அடைப்பு திறந்திருக்கிறது என்று எல்லையில்லாமல் எண்ணிக்கொண்டே போக அதனால் ஆகாது. இது கணிதத்தில் நிறுவப்பட்ட உண்மை. அப்படிப்பட்ட கோப்புகளுக்கு வேறு வகையான நிரல் எழுத வேண்டும். அதை உயர்தர வகுப்பிலோ, சம்மாந்துறையிலேயே இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்திலோ படிப்பீர்கள்.

இப்போதே பழக லினக்ஸ் கணினி தேவையில்லை. லிப்ரே ஆபீஸ், நோட்பேட் பிளஸ் பிளஸ் இரண்டும் இலவசம். இரண்டின் தேடுபெட்டியிலும் ரெகுலர் எக்ஸ்பிரெஷன் என்று ஒரு தெரிவு இருக்கும். அதைத் தட்டிவிட்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு முகவரிக் கோப்பு இருக்கிறது. சம்மாந்துறையின் தபால் குறியீடு 32200, கல்முனைக்கு 32300, அக்கரைப்பற்றுக்கு 32400. மூன்றும் 32 என்று தொடங்கும் ஐந்து இலக்க எண்கள். அதே கோப்பில் பத்து இலக்கத் தொலைபேசி எண்களும் கலந்திருக்கின்றன. சிலவற்றின் நடுவில் 322, 323 என்றும் வருகிறது. தபால் குறியீடுகள் மட்டும் அகப்பட வேண்டும், தொலைபேசி எண் ஒன்றும் சிக்கக் கூடாது. கூரைக் குறி, டொலர் குறி, இடைவெளி, [0-9], நிமிர்ந்த கோடு, வளைந்த அடைப்புக்குறி என்ற இவை போதும்.